மறிச்சான் கோட்டையில் கூப்பிட்ட பெயர்

இது நடந்தது. தேதி, மணி, இடம் மூன்றையும் சொல்லிவிடுகிறேன். 1943-ஆம் வருஷம், ஜூலை 14, புதன்கிழமை. குற்றாலத்துக்கும் புளியறைக்கும் நடுவில் இருக்கிற மலை. நம்ப மனமில்லாதவர்கள் இத்தோடு எழுந்துபோய் நிம்மதியாகச் சாப்பிடலாம். எனக்கு வருத்தம் கிடையாது.

ஆனால் யாருக்கு நடந்தது என்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆவுடைநாயகத்துக்கு நடந்தது. கல்வெட்டுகளைப் படி எடுக்கிற உத்தியோகம் அவருக்கு. கல்லில் இல்லாத ஒரு புள்ளியை நோட்டில் வைக்கமாட்டார். எழுத்து தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதுவார். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், “கல்வெட்டு ஆதாரம் உண்டா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். அவர்தான் அன்றைக்கு மலையிலிருந்து செருப்பை விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

யுத்தகாலம். புளியறைக் கணவாய் வழியாகப் பட்டாள லாரிகள் போக ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரோட்டுக்குக் கல் வேண்டுமென்று மலைமேல் இருந்த இடிந்த கோட்டையில் வெள்ளிக்கிழமை வெடி வைக்கப் போவதாக ஏற்பாடு. அந்தக் கோட்டைக்குள் எழுத்துள்ள கல் ஒன்று நிற்கிறது, உடைவதற்குள் படி எடுத்து வா என்று ஆவுடைநாயகத்தை அனுப்பினார்கள். அருவிச் சாரல் அடித்து ஊற்றுகிற மாசத்தில் எந்தப் பைத்தியக்காரனாவது கல்வெட்டுப் படி எடுக்கப் போவானா? சர்க்கார் அனுப்பினால் போய்த்தானே ஆகணும்.

தென்காசியிலிருந்து கரிவாயு பஸ். பெட்ரோல் இல்லாத காலம், பின்னால் அடுப்பு மாட்டிக் கரியை எரித்து ஓட்டுவார்கள். இரண்டு இடத்தில் நின்று இருமிவிட்டு, ஒருவழியாக மூன்றே கால் மணிக்கு அவரை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டது. வழிகாட்ட வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட ஆள் வரவில்லை. காய்ச்சலாம். அதற்குப் பதிலாக ஒரு பெண் நின்றாள். இருபத்து நாலு இருபத்தைந்து வயசு இருக்கும். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தாள். கையில் புல்லரிவாள். உலகம்மை என்று பெயர் சொன்னாள்.

“நான் கூட்டிட்டுப் போறேன் ஐயா. அங்கனதான் நெதம் புல்லறுக்கேன். கூலி வேண்டாம்.”

“கூலி வேண்டாமா? பின்ன என்ன வேணும்?”

“ஒரு பேரு கூப்பிடணும்.”

அவருக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அவுக பட்டாளத்துக்குப் போயி மூணு வருசம் ஆச்சு. சிங்கப்பூரு விழுந்த பொறவு கடுதாசியே இல்ல. காணலைன்னு கவர்மெண்டுல இருந்து ஒரு காயிதம் வந்துச்சு, அம்புட்டுத்தான். அவுக அண்ணன், செத்துட்டான்னே வச்சுக்கிடுவோம்ங்காவ. வார ஆடி அமாவாசைக்கு அருவிக்கரையில எள்ளுந் தண்ணியும் எறைச்சுட்டு, என் தாலியையும் அறுத்துறணும்ங்காவ. இன்னும் பதினெட்டு நாளுதான் இருக்கு ஐயா.”

“அதுக்கு நான் என்ன தாயி செய்ய முடியும்?”

“அந்தக் கல்லுல உள்ள பேரையெல்லாம் வாசிச்சு, கடைசியில அவுக பேரையும் சேத்துக் கூப்பிடணும். செத்தவுகன்னா சத்தம் கொடுப்பாவளாம். உசுரோட இருந்தா சத்தம் வராதாம். எங்க ஊருல எல்லாரும் சொல்லுதாவ. ஆனா அந்தப் பழைய எழுத்தைப் படிக்க எங்காளுக யாருக்கும் தெரியாதே.”

ஆவுடைநாயகம் சிரித்துவிட்டார். “சத்தம் ஒண்ணும் வராது தாயி. உன் வீட்டுக்காரன் உசுரோடதான் இருக்கான்னு வேணும்னா இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

அவள் சிரிக்கவில்லை. “கூப்பிடுவியளா?”

“கூப்பிடுதேன். நட.”

மூன்று நாற்பதுக்கு ஏற ஆரம்பித்தார்கள். அந்தக் கோட்டையின் கதை அவருக்கு ஓரளவு தெரியும். மறிச்சான் கோட்டை என்று பெயர். முதல் மறிச்சான் ராஜாவும் இல்லை, ஜமீனும் இல்லை. கணவாயில் நின்று மிளகு ஏற்றி வருகிற பொதிமாடுகளை மறித்து வரி வாங்கினவன். வரி என்பது மரியாதைக்குச் சொல்வது, வழிப்பறிதான். மகன் காலத்தில் கையில் முந்நூறு வேல்காரர்கள். பேரன் காலத்தில் மலைமேல் கோட்டை, குடை, கொடி, ராஜா என்கிற பட்டம். கிழக்கே பாண்டியர், மேற்கே வேணாட்டார் என்று இரண்டு யானைகளுக்கு நடுவில் ஒரு முயல் மாதிரி, நூற்றிருபது வருஷம் அந்தக் குடும்பம் பிழைத்துவிட்டது. எப்படி என்றால், யாருடைய கை ஓங்குகிறதோ அவருடைய காலில் விழுவார்கள். விழும்போது பிள்ளையைப் பிணையாகக் கொடுப்பார்கள்.

கடைசி மறிச்சான் கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரன். மூத்தவனைக் கிழக்கே பிணை வைத்தான், அதே மாதம் இளையவனை மேற்கேயும் பிணை வைத்தான். ரகசியம் வெளியே வந்தது. பிள்ளைகள் இரண்டும் போயின. கோட்டையைச் சுற்றிப் படை வந்து இறங்கியது. ராஜா ஓர் இரவு பொக்கிஷத்தோடு பின்வழியாக இறங்கி ஓடிவிட்டான். உள்ளே இருந்த காவல்காரர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவர்கள் கதி என்ன ஆயிற்று என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

ஐந்து ஐம்பதுக்குக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மதில் இடுப்பளவுக்குத்தான் நின்றது. உள்ளே முழுக்க ஈச்சம்புதர். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கல். மேகம் இறங்கி மதிலை மூடிக்கொண்டிருந்தது. யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்த காலம், அதனால் இருட்ட இன்னும் நேரம் கிடந்தது.

முதலில் மைப்படி எடுத்துப் பார்த்தார். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துக்குள் பதிய வைத்து, மேலே மை ஒற்ற வேண்டும். சாரலில் காகிதம் வழுக்கி வழுக்கிக் காலடியில் விழுந்தது. மூன்று காகிதம் பாழ். வேறு வழியில்லாமல் கண்ணால் வாசித்துக் கையால் எழுத உட்கார்ந்தார்.

அதற்கு அவர்கள் இலாகாவில் ஒரு முறை உண்டு. எல்லா வரியையும் மூன்று தடவை வாசிக்கணும். முதல் தடவை கண்ணால், இரண்டாம் தடவை எழுத்தின்மேல் விரல் வைத்து, மூன்றாம் தடவை நோட்டோடு ஒத்துப் பார்த்து. மூன்று தடவையும் வாய்விட்டு, உரக்க. மனசுக்குள் வாசித்தால் கண் ஏமாற்றிவிடும் என்பார்கள்.

மேல்பாதி முழுக்கப் பெயர்கள். அரையன் கோளரி. கண்டன் இரவி. சாத்தன் உய்யவந்தான். குன்றன் ஆதிச்சன்... இருபத்து மூன்று பெயர். கீழ்ப்பாதியில் பாசி மண்டிக் கிடந்தது. அதை அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம் என்று விட்டார்.

ஆறு இருபதுக்கு முதல் தடவை வாசித்து முடித்தார்.

முடித்ததும்தான் கவனித்தார். இரைச்சல் இல்லை. அதுவரை காதைக் குடைந்துகொண்டிருந்த சில்வண்டு மொத்தமும் நின்றுபோயிருந்தது. ஒன்றுகூட இல்லை. மழைக்கு அடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு நாற்பத்தைந்துக்கு இரண்டாம் தடவை. விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தார். ஏழாவது பெயரில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல் உருண்டது. பதினொன்றில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பதினாறில் ஈச்சம்புதர் விலகி மூடுகிற சத்தம்...

“யாரும்மா அங்கன? விறகு வெட்டுறவங்களா?”

“இந்த மழையில விறகு வெட்ட யாரும் வரமாட்டாவ ஐயா,” என்றாள் உலகம்மை. அவள் கல்லை விட்டு அசையவே இல்லை.

ஏழு மணி. மூன்றாம் தடவை. நோட்டைப் பிரித்தார்.

“அரையன் கோளரி.”

“உளேன்.”

இடதுபக்கம், மதிலோரத்திலிருந்து ஓர் ஆண்குரல். தெளிவாக.

ஆவுடைநாயகம் உலகம்மையைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது. மூடியிருக்காவிட்டாலும் அவளுக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்காது. ‘உளேன்’ என்று இன்றைக்கு எவன் பேசுகிறான்? ‘இருக்கேன்’ என்றுதான் சொல்லுவோம். அந்தப் பேச்சைக் கல்லிலும் ஏட்டிலும் மட்டுமே அவர் பார்த்திருக்கிறார். காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

எதிரொலி... எதிரொலிதான். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்ததை வாசித்தார்.

“கண்டன் இரவி.”

“உளேன்.”

வேறு குரல். கொஞ்சம் கிட்டத்தில்.

அவருக்கு நிறுத்தத் தோன்றியது. நிறுத்த முடியவில்லை. வாய் தானாக வாசித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். கிழக்குச் சுவர், மேற்குச் சுவர், வாசல், பின்புறம். இருபத்து மூன்று இடத்திலிருந்து இருபத்து மூன்று குரல். ஒருவர் முகமும் தெரியவில்லை. மேகம் மட்டும் நின்றது.

கீழே குனிந்து பாசியைச் சுரண்டினார். ஏன் சுரண்டினார் என்று அவருக்கே தெரியாது. பழக்கதோஷம். டார்ச் வெளிச்சத்தில் எழுத்து எழுந்து வந்தது. கோட்டைக் கணக்கன் வெட்டுவித்தது என்று போட்டிருந்தது. அவர் அதை மனசுக்குள் வாசித்தார். உரக்க வாசிக்கத் தைரியம் வரவில்லை.

‘நாற்பது நாளும் மாலையில் நான் பேர் வாசித்தேன். வெளியே படை கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்து மூவரும் விடை சொன்னார்கள். விடை கேட்டுப் பகைவர் மதில் ஏற அஞ்சினார். நாற்பத்தொன்றாம் நாள் ஏறினார். உள்ளே கண்டவை பிணங்கள். ஏழு நாள் பழம்பிணங்கள். முந்தின மாலையும் நான் பேர் வாசித்தேன். இருபத்து மூவரும் விடை சொன்னார்கள்.’

அவ்வளவுதான் எழுத்து.

டார்ச்சை அணைத்தார்.

“எந்திரி. கீழே போயிருவோம்.”

“அண்ணாச்சி...” அதுவரை ஐயா என்று கூப்பிட்டவள், அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “சொன்ன வாக்கு, அண்ணாச்சி.”

“இது விளையாட்டு இல்ல தாயி. கேட்டேல்ல?”

“கேட்டேன். அதான் கேக்கேன். அவுக இங்கன இருக்காவளான்னு தெரிஞ்சா நானே தாலியக் கழட்டிக் கொடுத்துருவேன். தெரியாம எப்பிடி அண்ணாச்சி கழட்டுவேன்? நாளைக்கழிச்சி இந்தக் கல்லும் இருக்காது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

மணி ஏழு பதினைந்து.

“பேர் சொல்லு.”

“புளியறை சுடலையாண்டி மகன் சுந்தரபாண்டியன்.”

அவர் நிமிர்ந்து நின்றார். கூப்பிட்டார்.

“புளியறை... சுடலையாண்டி மகன்... சுந்தரபாண்டியன்!”

சத்தம் இல்லை.

உலகம்மை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

எங்கேயோ... ரொம்பத் தூரத்தில்... யாரோ இருமினார்கள்.

அவள் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை.

“புளியறை சுடலையாண்டி மகன் சுந்தரபாண்டியன்!”

இருமல்.

கிட்டத்தில்.

இன்னும் கிட்டத்தில்.

அப்புறம், கல்லுக்குப் பின்னாலிருந்து...

“இருக்கேன்.”

உளேன் இல்லை. இருக்கேன். நம் காலத்துப் பேச்சு. நேற்றுச் செத்தவனின் பேச்சு.

பாவி, இந்தப் பெண்ணின் தாலியை நானே அறுத்துவிட்டேனே என்று ஆவுடைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். குனிந்து அவள் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவுக குரல் இல்ல அண்ணாச்சி! இது வேற யாரோ. அவுக குரல் எனக்குத் தெரியாதா? அவுக இங்கன இல்ல!”

ஓடினார்கள். செருப்பு போயிற்று, குடை போயிற்று. நோட்டு மட்டும் கையில் இருந்தது. பாதி வழி இறங்கியபோது மேலே யாரோ பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். கிழட்டுக் குரல். ஒவ்வொரு பெயருக்கும் விடை வந்தது. எண்ணவேண்டாம் என்று நினைத்தார். எண்ணுகிற புத்தி விடுமா?

இருபத்து நான்கு விடை.

கடைசி விடைக்கு முன்னால் ஓர் இருமல்.

எட்டு ஐந்துக்கு அடிவாரம் வந்து சேர்ந்தார்கள். உலகம்மை அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். ஆடி அமாவாசைக்கு எள்ளும் இறைக்கவில்லை, தாலியும் கழட்டவில்லை. புருஷனின் அண்ணன் என்ன சத்தம் போட்டும், “அவுக வருவாவ,” என்ற ஒரே பதில்தானாம். சொன்னபடி வெள்ளிக்கிழமை வெடி வைத்தார்கள். அந்தக் கல் பொடியாகி ரோட்டுக்கு அடியில் போயிற்று. ஆவுடைநாயகம் ஆபீஸில் கொடுத்த நகலில் இருபத்து மூன்று பெயர் மட்டுமே இருந்தது. ஒரு பெண்ணுக்கு நல்லது செய்தோம் என்கிற திருப்தி அவருக்கு. பயமெல்லாம் மெல்ல மெல்லத் தெளிந்துபோயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன்.

1946, மார்ச் மாதம். தென்காசி ரயில்வே ஸ்டேஷன். காலை ஒன்பதரை மணி. வேறு ஒரு வேலையாக வந்துவிட்டு, திருநெல்வேலி வண்டி ஏறுவதற்காக ஆவுடைநாயகம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். வாயில் அப்போதுதான் போட்ட வெற்றிலை. சற்று முன்னால் வந்த வண்டியிலிருந்து ஒருவன் இறங்கியிருந்தான். கம்பிக்கு உடுப்புப் போட்ட மாதிரி ஒரு மனுஷன். சுற்றிலும் ஊர்ச்சனம். கழுத்தில் மாலை. பக்கத்தில் உலகம்மை.

அவள் இவரைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“இவுகதான் கல்லெழுத்து எழுதுற ஐயா. மலைக்கு நாந்தான் வழி காட்டினேன். இவுகளக் கும்பிட்டுக்கிடுங்க.”

சுந்தரபாண்டியன் கும்பிட்டான். ஆவுடைநாயகம் வாய் நிறைய வெற்றிலையோடு தலையை ஆட்டினார். சந்தோஷத்தில் அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதற்குள் கூட்டத்தில் ஒருவன், “எப்பிடிலே தப்பிச்சே?” என்று கேட்டான்.

“நான் எங்கலே தப்பிச்சேன்? எனக்குப் பதிலா ஒருத்தன் போனான்.” அவன் குரல் இறங்கியது. “ஏசுதாசன்னு, நாசரேத்துப் பக்கத்துக்காரன். ஜப்பான்காரன் கேம்புல எனக்குப் பக்கத்துப் பாய். எனக்கு விசக்காய்ச்சல், பேச்சே வரல. அவனுக்கு லேசா இருமல், வேற ஒரு சீக்கும் கெடையாது. ஒரு நாள் விளக்கணைக்கிற நேரம். ஜப்பான் மணிக்கு ஒம்பதே முக்கால் இருக்கும். வெளிய யாரோ என் பேரக் கூப்பிட்டாவ. நம்ம ஊர்ப் பேச்சுல. புளியறை சுடலையாண்டி மகன் சுந்தரபாண்டியன்னு, அப்பன் பேரோட.”

உலகம்மை மெல்ல ஆவுடைநாயகத்தை விட்டு விலகி நின்றாள்.

ஜப்பான் மணி நம் யுத்தகால மணிக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஆவுடைநாயகம் கணக்குப் போட்டார். ஏழு பதினைந்து.

“எனக்குக் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போவணும்னு உசுரு துடிக்கி, ஆனா தொண்டையில இருந்து சத்தம் வரல. மூணு தடவ கூப்பிட்டாவ. பேர் வாசிக்கும்போது பதில் சொல்லலைன்னா அங்கன அடிச்சே கொன்னுருவானுவ. சீக்காளிக்குப் பக்கத்துப் பாய்க்காரன் குரல் கொடுக்கது வழக்கம். ஏசுதாசன், ‘நீ படுலே, நான் சொல்லுதேன்’னு ஒரு இருமல் இருமிட்டு, ‘இருக்கேன்’னான்.”

அவன் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“விடியும்போது விறைச்சுக் கெடந்தான். நாந்தான் குழி தோண்டினேன். குருசுல தேதி வெட்டுனதும் நாந்தான். ஜூலை பதினஞ்சு, நாப்பத்து மூணு. வெளிய கூப்பிட்டது யாருன்னு கேட்டா, யாருமே கூப்பிடலங்கானுவ. அவன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல?” அவன் கையை இறுக்கினான். “ஆனா அந்தக் குரல் இன்னும் காதுலயே நிக்கி. ஆயிரம் பேருக்கு நடுவுல பேசினாலும் கண்டுபிடிச்சிருவேன்.”

ஆவுடைநாயகத்தின் வாயில் வெற்றிலை கசந்தது. சாற்றை விழுங்கினார். அன்றைக்கு மலையில் இவன் செத்துவிட்டானா என்று கேட்டதாகத்தான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கவில்லை. வா என்று கூப்பிட்டிருக்கிறார்.

சுந்தரபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக அவர் பக்கம் திரும்பினான்.

“ஐயாவுக்கு எந்த ஊரு?”

அவர் வாயைத் திறக்கப் போனார். அவனுக்குப் பின்னால் உலகம்மை. முகத்தில் ரத்தம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்... வேண்டாம்...

வண்டி வந்து நின்றது. ஆவுடைநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் ஏறி, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிளாட்பாரத்தில் அவன் கேட்டது காதில் விழுந்தது.

“என்னட்டி, ஐயா ஒண்ணுமே பேசல?”

“அவுகளுக்குப் பேச்சு வராது,” என்றாள் உலகம்மை. “பொறவி ஊமை.”